சூத்திரம் தெரிந்தும் கணக்கு வரவில்லையா?
தம்பி, சூத்திரமெல்லாம் மனப்பாடம், ஆனால் வாக்கியக் கணக்கைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில், கொடுத்திருப்பது எது, கேட்டிருப்பது எது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

நம் ஏற்காடு பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து மலை ஏறும்போது மணிக்கு 20 கி.மீ., அதே வழியில் இறங்கும்போது 30. சராசரி வேகம்? அவசரப்பட்டால் 25 என்றுதான் வரும். தூரம் தரவில்லையே என்று திகைக்க வேண்டாம், 30 கி.மீ. என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. ஆக 60 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம், விடை 24. ஒரு வழித் தூரத்தை 60 கி.மீ. ஆக்கிப் பாருங்கள், அதே 24 வரும்.

இப்படி விடையைத் திரும்பிப் பார்ப்பதுதான், கணக்கைத் தீர்க்க கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் சொன்ன நான்கு படிகளில் கடைசி. நம் பிள்ளைகள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். இன்று ஒரே ஒரு கணக்கைப் போட்டு, எந்த வரியில் நின்றீர்கள் என்று எழுதுங்கள்.