குடும்ப வரலாற்றில் தாத்தாவின் வேலை விவரங்களை எப்படி எழுதுவது?

தாத்தாவின் பணிப்பதிவேடு கிடைத்திருக்கிறது, அதிலுள்ள பதவிகளையும் தேதிகளையும் வரிசையாக எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தாய்வழித் தாத்தாவைப் பற்றி எழுதத் தொடங்கியபோது நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது, அந்த வரிசை அவருடைய வாழ்க்கையைத் தலைகீழாகக் காட்டுவது தெரிந்தது.

அவர் 1923-இல் நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனையில் கலாசியாக (உதவியாளாக)ச் சேர்ந்து, ஃபிட்டராகி, 1960-இல் பொன்மலையில் மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். காகிதங்களை மட்டும் பார்த்தால் முதலில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி, 1944 முதல் அரசு, 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே என்று மூன்று இடங்களில் வேலை பார்த்தவரைப் போலத் தோன்றும். ஆனால் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டபோதும், பிறகு வேறு ரயில்வேக்களோடு சேர்த்துத் தெற்கு ரயில்வே உருவானபோதும், அவர் நின்ற இடமும் கையில் பிடித்த அரமும் மாறவில்லை. அதே பதிவேட்டில் ‘நாகப்பட்டினம்’ என்பது ‘பொன்மலை’ என்று மாறும் இடம் ஒரே ஒரு வரிதான். அந்த வரிதான் எங்கள் குடும்பத்தைப் புரட்டிப் போட்டது. பணிமனையே திருச்சிப் பக்கம் பெயர்ந்ததால், கடலைப் பார்த்து வளர்ந்த பாட்டி, கைக்குழந்தையோடு சொந்தபந்தம் ஒருவரும் இல்லாத ஊருக்குப் போனார். பட்டியலில் மூன்று வரி பிடித்ததை நான் ஒரு வாக்கியத்தில் முடித்தேன். ஒரு வரியாக இருந்ததற்கு நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பதிவையும் பார்த்து, ‘இதனால் வீட்டில் என்ன மாறியது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதை விரிக்க வேண்டும், எதைச் சுருக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அடுத்தது, காகிதம் சொல்வதையும் வீட்டார் சொல்வதையும் கலந்துவிடக் கூடாது என்பது. பணிமனை இடமாற்றத்தோடு வந்த ஆள்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் முன்நின்ற தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்கும் போனார். தாத்தாவும் அதில் இருந்தார் என்பது எங்கள் வீட்டில் காலங்காலமாகச் சொல்லப்படுவது. பணிப்பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. அவருடைய கணக்கு நோட்டில் மட்டும் அந்த ஆண்டு ஆடி, ஆவணி மாதங்களுக்குச் சம்பள வரவு இல்லாமல், ‘தோடு அடகு’ என்று ஒரு வரி இருக்கிறது. ஆகவே நான் இப்படி எழுதினேன்: ‘தாத்தா வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதாகப் பெரியம்மா சொல்வார். அந்த இரண்டு மாதமும் நோட்டில் சம்பளம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பெரியம்மா சொன்னதை நான் நம்புகிறேன்.’ எது சான்று, எது செவிவழிச் செய்தி, எது என் ஊகம் என்பது படிப்பவருக்கு விளங்க வேண்டும். தாத்தாவைப் போராட்ட வீரராகக் காட்டும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் சான்று தாங்காத இடத்தில் புகழ்ச்சியை ஏற்றினால், நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார்கள்.

சம்பளத்தை அந்தக் காலத்து ரூபாய், அணா, பைக் கணக்கிலேயே கொடுங்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். இன்றைய மதிப்புக்கு மாற்றுவதைவிட, அதே மாதம் அவர் கொடுத்த வீட்டு வாடகையைப் பக்கத்தில் எழுதினால் நன்றாக விளங்கும்.

ஓய்வுக்காலப் பதிவுகளைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அங்கே நின்று பாருங்கள். 1957 நவம்பர் 16 முதல் ரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் அதற்கு மாறலாம், அல்லது பிராவிடன்ட் ஃபண்டிலேயே தொடரலாம் என்று இருந்தது. தாத்தா ஃபண்டே போதும் என்று எழுதிக் கொடுத்தார். என் அம்மாவின் கல்யாணக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. மொத்தமாகக் கைக்கு வரும் பணம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. 1960-இல் வந்த தொகையில் கடன் அடைந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் இறந்தபோது பாட்டிக்கு மாதம் வருவதற்கு ஒன்றும் இல்லை, மாமா படிப்பை விட்டுவிட்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாமா ஏன் படிக்கவில்லை என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்கு விடை கிடைத்தது அந்த விருப்பப் படிவத்தின் நகலில்தான்.

தேதி, பதவி, சம்பளம் எல்லாம் அடங்கிய முழு அட்டவணையைப் பின்னிணைப்பில் சேருங்கள். தேடுகிறவர்களுக்கு அது வேண்டும். அவர் பயன்படுத்திய பொருள் ஏதாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். பணிமனையில் வருகையைக் குறிக்கத் தாத்தா வைத்திருந்த பித்தளை டோக்கன் எங்களிடம் இருக்கிறது. எண் பதித்த பக்கம் தேய்ந்து, விரலால் தடவினால்தான் தெரிகிறது.

இன்னொன்றும் செய்தேன். அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோணல் எழுத்தில் ‘பால் கணக்கு’ என்று பாட்டி எழுதி வைத்திருந்தார். எந்த வீட்டுக்கு எத்தனை உழக்கு என்ற கணக்கு. அதற்குப் பணிப்பதிவேடு ஏதும் கிடையாது. 1928-இல் சம்பளம் வராத இரண்டு மாதமும் வீட்டுக்குள் வந்த வருமானம் அது ஒன்றுதான் என்பதால், தாத்தாவின் வேலை பற்றிய அத்தியாயத்தின் நடுவிலேயே, அந்த மாதங்களுக்கு நேராக, அதைச் சேர்த்திருக்கிறேன்.