காப்பர் டி வலி: எப்போது வீட்டில் இருக்கலாம், எப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

நெல்லைச் சீமையில் பிரசவ வார்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலுமாக 31 வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. கர்ப்பம் தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர் டி-யைப் போட்ட பிறகு வரும் வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊர்ப் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன். முக்கூடல் தங்கச்சியின் கேள்வி கடைசியாக வந்தது. ஆனால் அதற்குத்தான் முதல் பதில், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக்கூடல்: அக்கா, காப்பர் டி போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. இந்த மாசம் தூரம் பத்து நாள் தள்ளிப் போச்சு. நேத்துலேருந்து லேசா கறை படுது. இன்னைக்கு மத்தியானம் பீடித் தட்டை மடியில வச்சு உக்காந்திருக்கையில வலது அடிவயித்துல சுருக்குன்னு பிடிச்சது, விடவே இல்ல. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. அத்தை சூடுன்னு சொல்லி வெந்தயம் குடுத்தாவ, தொப்புள்ல வெளக்கெண்ணெ தடவுனாவ. எங்க வீட்டுக்காரவுக திருப்பூர்ல இருக்காவ. காலையில போனா போதுமா?

போதாது தாயி. மேற்கொண்டு படிக்காதே, முதலில் 108-க்குப் போன் போடு. மிச்சத்தை உன் அத்தை படிக்கட்டும்.

அத்தை, நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள். வெந்தயமும் விளக்கெண்ணெயும் கெடுதல் செய்யாது. ஆனால் நாள் தள்ளிப் போயிருக்கிறது, கறை படுகிறது, ஒரே பக்கம் வலிக்கிறது, கண் இருட்டுகிறது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது சூடு இல்லை. கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் கர்ப்பப்பைக்குப் போகிற கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் தங்குவதே அபூர்வம்; வருடத்துக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அப்படித் தங்கிவிட்டால், அது குழாயில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். குழாய் மெல்லியது, வளரும் கருவுக்கு இடம் கொடுக்காமல் வெடித்துவிடும். ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். துணியில் படுவது லேசான கறைதான், உள்ளே போவது யார் கண்ணுக்கும் தெரியாது.

இன்னும் இரண்டு அடையாளம் சொல்கிறேன். தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலிக்கும், படுத்தால் கூடும். வயிற்றில் தேங்கிய ரத்தம் மேலே, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உரசுவதால் வரும் வலி அது. இன்னொன்று, வெளிக்குப் போக வேண்டும்போல முட்டிக்கொண்டே இருக்கும், போனால் ஒன்றும் வராது. இதை அஜீரணம் என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்துப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

108-ல் வருகிற தம்பிகளிடம் ‘காப்பர் டி போட்டிருக்கு, நாள் தள்ளியிருக்கு, குழாய்க் கர்ப்பமா இருக்குமோன்னு பயமா இருக்கு’ என்று அப்படியே சொல்லுங்கள். ராத்திரியிலும் ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன் மூன்றும் இருக்கிற சீமாங்க் சென்டருக்குத்தான் (பிரசவ அவசர சிகிச்சை மையம்) போக வேண்டும். அம்பை பக்கமா, பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள், வழியில் மயங்கி விழுந்துவிடுவாள். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் டீ, தண்ணி எதுவும் கொடுக்க வேண்டாம். எந்தத் தேதியில் கடைசியாகத் தூரமானாள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கு உடம்பு பழகிப்போய்விடுகிறது. ‘தட்டு முடியட்டும், இலை காய்ஞ்சிரும்’ என்று வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் பீடி சுற்றிவிட்டு வந்த ஒருத்தியை நான் வார்டில் ஏந்திப் பிடித்திருக்கிறேன். உதடெல்லாம் வெளுத்து வந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

களக்காடு: மேடம், காப்பர் டி போட்டு நாலு நாள்தான் ஆகுது. விட்டு விட்டு வலிக்கு. கறையும் இருக்கு. இது சாதாரணமா? எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்படக் கூடாதுன்னே தெரியல.

நாலாம் நாள் விட்டு விட்டு வருகிற வலி பெரும்பாலும் சாதாரணம்தான். கர்ப்பப்பை ஒரு தசைப்பை. உள்ளே புதிதாக ஒரு பொருள் வந்தால் அது சுருங்கிப் பார்க்கும். தூர நாளில் வருகிற வலி போலவே இழுத்துப் பிடிக்கும், விடும். சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் தூரம் கொஞ்சம் அதிகமாகவும் வலியோடும் வரும், பிறகு அடங்கும்.

‘எவ்வளவு வலிக்கிறது’ என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. நம் ஊர்ப் பெண்கள் பல்லைக் கடித்துத் தாங்குவார்கள், அவர்களிடம் கேட்டால் எல்லா வலியும் ‘லேசா’தான். வலியோடு கூட என்ன வந்திருக்கிறது என்று பார். காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போகிறதா, குளிர் நடுக்கம் இருக்கிறதா? வெள்ளைப்படுவதில் துர்நாற்றம் இருக்கிறதா? மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து இரண்டு மணி நேரம் தொடர்கிறதா? எலுமிச்சங்காய் அளவு கட்டி கட்டியாக விழுகிறதா? மயக்கம் வருகிறதா? நாள் தள்ளியிருக்கிறதா? வயிறு பலகைபோல இறுகி, தொட்டாலே துள்ளுகிறாயா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மயக்கமோ, நிற்காத ரத்தமோ, இறுகிய வயிறோ என்றால் அந்த நேரமே. வலி எந்தத் திசையில் போகிறது என்றும் கவனி. நாளுக்கு நாள் குறைந்தால் நல்லது. நாலாம் நாளைவிட ஆறாம் நாள் கூடுகிறதென்றால், கூட எதுவும் வராவிட்டாலும் போய்க் காட்டிவிடு.

வள்ளியூர்: வலிக்கு மெஃப்டால் மாத்திரை போடலாமா?

போடலாம், சாப்பிட்ட பிறகு. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, வலி மாத்திரை ஒவ்வாமை இருந்தால் வேண்டவே வேண்டாம், பாராசிட்டமால் போதும். வெந்நீர் பை வைத்துக்கொள்ளலாம். மாத்திரை போட்டும் நிமிர முடியவில்லை என்றால் இன்னொரு மாத்திரையைத் தேடாதே, ஆட்டோவைத் தேடு.

சங்கரன்கோவில்: அக்கா, போட்டு பன்னிரண்டு நாள். ரெண்டு நாளா காய்ச்சல். கீழ ஒரு மாதிரி வாடை. வெக்கமா இருக்கு, ஆம்பள டாக்டர்னா எப்படிக் காட்டுறது? போனா எடுத்துருவாவளோன்னும் இருக்கு.

இன்றைக்கே போ. போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். நீ அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறாய். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் முழுக்கக் குணமாகிவிடும். தள்ளிப்போட்டால் கிருமி குழாய்வரை ஏறும், சீழ் பிடிக்கும், பின்னால் பிள்ளை வேண்டும் என்கிறபோது அது வந்து குறுக்கே நிற்கும்.

எடுத்துவிடுவார்கள் என்று பயப்படாதே. பெரும்பாலும் உள்ளே இருக்கும்போதே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் தேறவில்லை என்றால்தான் எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். மாத்திரையைச் சொன்ன நாள்வரை முழுக்கச் சாப்பிடு. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதே. உன் வீட்டுக்காரருக்கும் மருந்து எழுதினால் அவரும் சாப்பிட வேண்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றால், பரிசோதனை முடியும்வரை ஒரு நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேள், அது உன் உரிமை. வெட்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை தங்கச்சி. ஆனால் அந்த அறையில் இருப்பவர்களுக்கு இது தினமும் பார்க்கிற வேலை.

நாங்குநேரி: நூல் கைக்கு ஆப்பிடல. வலி ஒன்னும் இல்ல. ராத்திரியே போணுமா?

வேண்டாம். இந்த வாரத்துக்குள் போனால் போதும். காப்பர் டி-யின் நுனியில் தொங்குகிற அந்த நூல் மேலே சுருண்டு போயிருக்கலாம், காப்பர் டி உனக்குத் தெரியாமல் விழுந்துமிருக்கலாம். இருபது பேரில் ஒருவருக்கு விழுவதுண்டு, அதுவும் முதல் சில மாதங்களில்தான் அதிகம். பார்த்துச் சொல்லும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். நாள் தள்ளியிருந்தால் கர்ப்பம் பார்க்கிற கார்டு டெஸ்ட் பார். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் தெரியவில்லை என்றால் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், எடுத்துக்கொள். நூல் வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தாலோ, விரலில் கெட்டியாகக் குச்சிபோல் பட்டாலோ அது பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். நீயே இழுத்து எடுக்காதே.

சேரன்மகாதேவி: எங்க ஆச்சி சொல்லுதாவ, லூப்பு, அதான் காப்பர் டி, நெஞ்சுக்கு ஏறிருமாம். நெசமா?

இல்லை. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் போடும்போதே, கர்ப்பப்பைச் சுவரில் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதங்களில் போட்டால் அந்த வாய்ப்பு சற்றுக் கூடும். போட்ட அன்றே தாங்க முடியாத வலி வந்து, படுத்தும் தணியவில்லை என்றால், போட்ட இடத்துக்கே திரும்பிப் போ. துளைத்திருந்தால் சிறு துவாரம் வழியாக எடுத்துவிடலாம். ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்.

பாவூர்சத்திரம்: ரெண்டாவது பிள்ளை சிசேரியன். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாத்துதான் காப்பர் டி வச்சிருக்காவன்னே தெரிஞ்சுது. யாரும் எங்கிட்ட கேக்கல. ரெண்டு மாசமா அடிவயிறு வலி. தையல் வலியா, இதுவான்னு தெரியல. எடுக்கச் சொன்னா திட்டுதாவ.

இதைப் படித்து மனசு கொதிக்கிறது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும், சிசேரியன் செய்யும்போதேயும் காப்பர் டி வைப்பது நல்ல முறைதான், நானே எத்தனையோ பேருக்குத் துணை நின்றிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், கர்ப்பமாக இருக்கும்போதே, உட்காரவைத்துப் பேசி உன் சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும். கேட்காமல் வைத்தது தப்பு. எங்கள் கூட்டத்தில் யார் செய்திருந்தாலும் தப்புதான்.

இனி வலிக்கு வருவோம். தையல் வலி தோலோடு இருக்கும், தொட்டால் இடம் தெரியும். உள்ளே இழுத்துப் பிடிக்கிற வலி என்றால் ஸ்கேன் எடுத்து அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரசவத்தோடு வைப்பது கீழே இறங்கவும் விழவும் வாய்ப்பு அதிகம். சிசேரியனில் வைத்தால் நூல் வெளியே தெரிய நாளாகும், அதனால் நூல் இல்லை என்று பதறாதே. காய்ச்சல், வாடை, அதிக ரத்தம் இல்லை என்றால் இரண்டு மூன்று நாளில் போகலாம், இருந்தால் இன்றே. எடுக்க வேண்டும் என்று நீ முடிவு செய்தால் காரணம் சொல்ல வேண்டியதுகூட இல்லை. ‘எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்பதே போதும். ஓரிடத்தில் மறுத்தால் இன்னொரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. 104-ல் கூப்பிட்டு ஆலோசனையும் கேட்கலாம்.

ராதாபுரம், துபாயில் வேலை: அக்கா, மனைவிக்குப் போன மாசம் போட்டோம். தினமும் வலின்னு சொல்லுதா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோன்னு சொல்லிட்டேன். சரிதானா?

தம்பி, கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. ஆனால் ‘பொறுத்துக்கோ’ என்ற வார்த்தைதான் பெண்களை ராத்திரி முழுக்க வீட்டில் படுக்கவைக்கிறது. இன்றைக்கே போன் போட்டு, காய்ச்சல் உண்டா, வாடை உண்டா, ரத்தம் எவ்வளவு, மாத்திரைக்கு அடங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு மாதமாகியும் தினமும் வலிக்கிறதென்றால் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முக்கியமானது: ராத்திரி அவசரம் என்றால் அவளோடு யார் வருவார்கள், பிள்ளையை யார் வைத்துக்கொள்வார்கள், பணம் எங்கே இருக்கிறது? மதினியிடமோ பக்கத்து வீட்டிலோ இப்போதே பேசி வைத்துவிடுங்கள். உங்கள் அனுமதிக்காக அவள் காத்திருக்க வேண்டாம் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கடையநல்லூர்: அம்மாவுக்கு 49 வயசு. காப்பர் டி போட்டு 14 வருஷம், மறந்தே போச்சு. இப்ப வலி.

காப்பர் டி-யில் 380ஏ என்கிற வகைக்குப் பத்து வருடம், 375-க்கு ஐந்து வருடம். எதுவானாலும் காலம் முடிந்துவிட்டது. இந்த வாரமே கூட்டிப்போய்க் காட்டுங்கள்; பழையது கிடந்தால் தொற்று பிடிக்கலாம். காய்ச்சலும் இருந்தால் இன்றே.

முக்கூடல் தங்கச்சியின் மைனி, ராத்திரி எழுதியது: அக்கா, ஹைகிரவுண்டுக்குக் கொண்டாந்துட்டோம். கார்டுல ரெண்டு கோடு. ஸ்கேன்ல வயித்துல ரத்தம்னு சொல்லுதாவ. ஆபரேஷன்னு சொல்லுதாவ. அண்ணன் திருப்பூர்லேருந்து பஸ் ஏறிட்டாவ. அவிய வந்து கையெழுத்துப் போடட்டும்னு அத்தை சொல்லுதாவ.

அண்ணனுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவளுக்குப் பேச நினைவிருக்கிறதல்லவா, அவள் கையெழுத்தே போதும். அத்தையின் கையைப் பிடித்து இதைச் சொல். ரத்தம் கேட்டால் ரத்த வங்கியிலிருந்து உடனே ஏற்றச் சொல்லுங்கள், கொடுக்க ஆள் பிறகு வரட்டும். அவளுடைய ரத்த குரூப் நெகட்டிவா என்று கேள். நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கிற ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அவசரத்தில் மறந்துவிடாமல் நீ ஞாபகப்படுத்து. நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழித்திருக்கிறேன், தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் ஒரு வரி எழுது.