எண்பது சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது சரி, ஆறு மாதம் கழித்து?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் அரசு நிதியில் தையல் மெஷின் பயிற்சி மையம் நடத்தும் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பயிற்சி முடித்த பெண்களில் 80 சதவீதம் பேருக்குத் திருப்பூரில் வேலை வாங்கிக் கொடுத்ததாக அறிக்கை அனுப்புகிறோம். ஆனால் தீபாவளிக்கு ஊருக்கு வந்த பலர் திரும்பிப் போகவில்லை. எங்கள் பயிற்சியால் பயன் இருக்கிறதா என்று நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் அந்த 80 எதற்கு 80 என்று பாருங்கள். ஒரு பேட்ச்சில் 50 பேர் சேர்ந்து, 40 பேர் முடித்து, 32 பேர் வேலைக்குப் போனால், முடித்தவர்கள் கணக்கில் 80 சதவீதம். சேர்ந்தவர்கள் கணக்கில் 64தான். பாதியில் நின்ற பத்துப் பேருக்கும் அரசுப் பணம் செலவாகியிருக்கிறது. கைக்குழந்தை, பஸ் வசதி, வீட்டில் எதிர்ப்பு என்று பெரும்பாலும் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள்தான் நிற்பார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, எந்த நாளில் எண்ணுகிறீர்கள் என்பது. அமெரிக்காவில் 1982இல் வந்த வேலைப் பயிற்சிச் சட்டத்தில், ஒருவர் திட்டத்தை விட்டு வெளியேறும் நாளில் வேலை இருக்கிறதா என்று பார்த்து மையங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். வெளியேறும் நாளைக் குறிப்பது மையத்தின் கையில் இருந்தது. அதனால் வேலை கிடைக்கும்வரை பெயரை ஏட்டிலேயே வைத்திருந்த மையங்கள் உண்டு. எப்படியும் வேலை கிடைத்துவிடும் என்று தோன்றும் ஆட்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் ஆசையும் வந்தது. அங்கே 2014இல் வந்த சட்டம், வெளியேறியபின் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறார்களா என்று கேட்கிறது. உள்ளூர் வேலைவாய்ப்பையும் சேர்ந்தவர்களின் பின்னணியையும் பார்த்து இலக்கைக் கூட்டிக் குறைக்கிறது. நம் ஊரில் கிராமத்து இளைஞர்களுக்கான மத்திய அரசின் வேலைப் பயிற்சித் திட்டமான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா மூன்று மாத வேலைக்குச் சம்பளச் சான்று கேட்கிறது. ஆஃபர் லெட்டரை மட்டும் எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் பெண்கள் திரும்பிப் போகாமல் நிற்பது அதற்குப் பிறகாகவும் இருக்கலாம். நீங்கள் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் அழையுங்கள்.

அந்த அழைப்பை ஆள் சேர்த்த மொபிலைசரிடம் விடாதீர்கள். நான் சரிபார்த்த ஒரு பதிவேட்டில் ஐந்து பெண்களுக்கு ஒரே செல் நம்பர். கூப்பிட்டால் மொபிலைசரே எடுத்தார். சேரும் அன்றே இரண்டு நம்பர் வாங்குங்கள், ஒன்று சொந்த நம்பர், இன்னொன்று அம்மாவுடையது. வார விடுமுறையில் பேசுங்கள். "வேலையில் இருக்கிறாயா?" என்றால் "இருக்கேன் சார்" என்று பதில் வந்துவிடும். "போன மாசம் பேங்க்கில் எவ்வளவு ஏறியது? ஹாஸ்டலுக்கு எவ்வளவு பிடித்தார்கள்? ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தார்களா, செக்கிங்கில் விட்டுவிட்டார்களா?" என்று கேளுங்கள். மூன்று மாதம் மெஷின் கற்றவள் நூல் வெட்டிக்கொண்டிருந்தால், அவளுக்கு வேலை கிடைத்தது உண்மை, நம் பயிற்சி பயன்பட்டது உண்மையில்லை. பிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று அவளையே செல்லில் பார்க்கச் சொன்னால், அவள் வேலையில் இருப்பதற்கு அது நல்ல சான்று.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். கம்பெனியை விட்டு வந்த ஒரு பெண் ஊரிலேயே பிளவுஸ் தைத்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் அவர் "வேலையை விட்டவர்". இப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு கட்டம் போடுங்கள்.

இனி கடினமான கேள்வி: பயிற்சி இல்லாவிட்டாலும் இவர்கள் இதையே சம்பாதித்திருப்பார்களா? சேருவதற்கு முந்தைய வருமானத்தோடு ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும், ஆனால் போதாது. வேலை போய், வருமானம் விழுந்த நேரத்தில்தான் பலர் பயிற்சிக்கே வருகிறார்கள். அப்படி விழுந்த வருமானம் பயிற்சி இல்லாமலும் ஓரளவு ஏறியிருக்கும். பொருளியலாளர் ஆஷன்ஃபெல்டர் 1978இல் இந்தச் சரிவை எடுத்துக்காட்டினார்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 50 இடத்துக்கு 90 தகுதியானவர்கள் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த பேட்ச் என்று சொல்லி, அந்தப் பேட்ச் தொடங்குமுன் இரு பக்கத்தாரிடமும் வருமானம் கேளுங்கள். 1980களின் பிற்பாதியில், மேலே சொன்ன 1982 சட்டத்தின் அமெரிக்கத் திட்டத்தை இப்படித்தான் 16 இடங்களில், சுமார் 20,000 விண்ணப்பதாரர்களை வைத்துச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வருமானம் ஓரளவு கூடியிருந்தது. படிப்பை விட்ட இளைஞர்களுக்குப் பயன் தெரியவில்லை. வேலையில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

அப்புறம், தீபாவளிக்கு வந்து திரும்பாதவர்களிடம் இந்த வாரமே பேசுங்கள். ஹாஸ்டல் சாப்பாடு, நைட் ஷிப்டு, சூப்பர்வைசரின் பேச்சு என்று காரணம் வந்தால், உங்கள் பாடத்திட்டத்தைத் தொட வேண்டாம், அனுப்பும் கம்பெனியை மாற்றுங்கள். "மெஷின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை" என்று பலர் சொன்னால் பாடத்திட்டத்தில் கைவையுங்கள்.