சிக்மண்ட் வார்பர்க் யார்? லண்டன் வங்கித் துறையில் அவர் ஏன் முக்கியமானவர்?

1902இல் ஜெர்மனியில், யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தவர் வார்பர்க். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் லண்டனில் குடியேறினார், எஸ்.ஜி. வார்பர்க் நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். 1958-59இல் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்தை வாங்கும் போட்டியில், அதன் நிர்வாகத்துக்குத் துணைநின்ற பழம்பெரும் வங்கிகளை மீறி, பங்குதாரர்களிடம் நேரடியாக விலை பேசிய தரப்புக்கு வெற்றி தேடித்தந்தார்.

அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது 1963ஆம் ஆண்டுச் சாதனையைத்தான். அமெரிக்காவுக்கு வெளியே ஏராளமான டாலர்கள் புழங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பணத்தை லண்டனிலிருந்தே திரட்டலாம் என்று அவர் கண்டுகொண்டார். இத்தாலிய நெடுஞ்சாலை நிறுவனமான ஆட்டோஸ்த்ராதேவுக்காக 1.5 கோடி டாலர் கடன்பத்திரங்களை வெளியிட்டார். ஒரு நாட்டின் நாணயத்தில், அந்த நாட்டுக்கு வெளியே கடன்பத்திரங்களை விற்கும் யூரோபாண்ட் சந்தை பிறந்தது அப்படித்தான்! போருக்குப் பின் மங்கிக் கிடந்த லண்டன் மீண்டும் உலக நிதி நகரமாக எழ அது பெரிதும் உதவியது. 1966இல் சர் பட்டம் பெற்ற அவர் 1982இல் காலமானார்.