128 கொலஸ்ட்ரால்: சந்தோஷப்படலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, இரண்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போன வருடம் 190 இருந்த கொலஸ்ட்ரால் இப்போது 128. முட்டையை நிறுத்தி, எண்ணெயைக் குறைத்து நான்தான் இறக்கினேன். ஆனால் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறார். ஏன்? டயாலிசிஸுக்கு முன்பிருந்தே அடோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார். இனி அது தேவையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் டாக்டர் முகம் சுளித்ததில் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டைப் பார்த்து "சபாஷ்" சொன்னவன்தான்.

டயாலிசிஸில் இருப்பவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களிடம்தான் இறப்பு அதிகம். கொலஸ்ட்ரால் குறைந்ததால் வந்த வினை அல்ல அது. சரியாகச் சாப்பிடாமல் உடம்பு வற்றினாலும், உள்ளுக்குள் அழற்சி கனன்றுகொண்டே இருந்தாலும் கொலஸ்ட்ரால் தானாக இறங்கும். ஆளைச் சாய்ப்பவை அந்த இரண்டும்தான். அவை இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கொலஸ்ட்ரால் கூடினால் ஆபத்தும் கூடும் என்ற பழைய கணக்கே வந்தது.

அதனால் 128 ஏன் வந்தது என்று தேட வேண்டும். எடை குறையவில்லையே என்று ஏமாறாதீர்கள். சதை கரைந்த இடத்தில் நீர் சேர்ந்தால் தராசு அதே எண்ணைத்தான் காட்டும். சட்டைக் காலர் தொளதொளவென்று ஆகிவிட்டதா, வாட்ச் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 4-க்குக் கீழே போயிருந்தால் கவனிக்க வேண்டும்.

டயாலிசிஸுக்கு முன்னால் "புரதத்தைக் குறையுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். பல வீடுகளில் அந்தப் பத்தியம் அப்படியே தொடர்கிறது. மெஷினில் ஏறிய பிறகு கதை தலைகீழ். ஒவ்வொரு முறையும் புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்கள் கழிவோடு சேர்ந்து வெளியே போகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் அளவு இருக்கிறது, உங்கள் கணவர் கட்டுப்படுத்த வேண்டிய பாஸ்பரஸும் அதில் மிகக் குறைவு. எண்ணெயையும் அளவோடு திரும்பச் சேருங்கள். சாப்பாட்டில் தெம்பு போதாவிட்டால், தின்கிற புரதத்தை உடம்பு விறகாக எரித்துவிடும்.

சரி, மாத்திரை. சர்க்கரை நோயும் டயாலிசிஸும் சேர்ந்த 1,255 பேரிடம் ஜெர்மனியில் அடோர்வாஸ்டாட்டினைச் சோதித்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியும், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2009-இல் அதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டினை 2,776 பேரிடம் பார்த்தபோதும் இதே ஏமாற்றம். இவர்களில் பலருக்கு இதயம் நிற்பது கொழுப்படைப்பால் அல்ல, துடிப்பு தாறுமாறாவதால்.

இன்னொரு காரணம் எனக்கு மிகவும் சுவாரசியமானது. கொலஸ்ட்ரால் நமக்கு இரண்டு வழியில் வருகிறது: ஈரல் முதலான உறுப்புகள் தயாரிப்பது ஒன்று, குடல் உறிஞ்சுவது மற்றொன்று. ஸ்டாட்டின் எனப்படும் இந்த வகை மாத்திரைகள், உடம்பு தயாரிப்பதைத்தான் தடுக்கும். டயாலிசிஸில் இருக்கும் பலருக்கு உறிஞ்சுவதுதான் மேலோங்கி நிற்கிறது. அந்த ஜெர்மன் நோயாளிகளின் ரத்தத்தைப் பிற்பாடு ஆராய்ந்ததில், குறைவாக உறிஞ்சுகிறவர்களுக்கு மாத்திரை பலன் தந்திருந்தது தெரிந்தது. நம் ஊர் லேபில் சாதாரணமாகச் செய்கிற பரிசோதனை அல்ல அது.

2013-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், டயாலிசிஸில் இருப்பவருக்கு ஸ்டாட்டினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், முன்பிருந்தே சாப்பிடுகிறவர் தொடரலாம் என்கிறது. உங்கள் கணவர் இரண்டாவது வகை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த முறை யூனிட்டுக்குப் போகும்போது, வீட்டில் என்னென்ன நிறுத்தினீர்கள் என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அல்புமினோடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டுமா, நீர் எடுத்தபின் இருக்க வேண்டிய எடையைத் திருத்த வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம், நாளைக்கே இரண்டு முட்டை அவியுங்கள். மஞ்சள்கருவில் பாஸ்பரஸ் அதிகம், அதை வீட்டில் வேறு யாராவது சாப்பிடட்டும்.