கடைப் பூட்டு, தாத்தா கிராண்ட், லயத்து வீடு: கேட்டவையும் என் பதில்களும்

சுங்கை சிப்புட் மக்களே, வக்கீல் அலுவலகத்தில் நிலப் பத்திர வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் மலேசியச் சட்டப்படி நிலம், வீடு, கடை பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் நில அலுவலகத்தில் ஒரு சர்ச், அதாவது பதிவேட்டுத் தேடல், எடுத்துவிடுங்கள், கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) யார் பெயர் இருக்கிறது என்று தெரியாமல் சண்டை போட்டுப் பயனில்லை.

அண்ணே, என் தையல் கடைக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. கட்டட முதலாளி வேறு பூட்டு போட்டுவிட்டார், தைக்க வந்த துணியெல்லாம் உள்ளே.

தங்கச்சி, அவர் செய்தது தப்பு. ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தாலும்கூட கோர்ட் வழியாக இல்லாமல் ஆளை வெளியேற்ற முடியாது, 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 7(2)ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பூட்டைப் படம் எடுங்கள், போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள், வக்கீல் கடிதம் அனுப்புங்கள். ஆனால் பாக்கி பாக்கிதான். 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் (வாடகைப் பாக்கி ஜப்தி) சட்டப்படி அவர் கோர்ட்டுக்குப் போனால் 12 மாதம் வரையிலான பாக்கிக்கு பேலிஃப் (கோர்ட் அமீனா) வந்து சாமான்களை ஜப்தி செய்யலாம். அப்போதும் வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணியில் கை வைக்க முடியாது. ரசீதுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

என் வாடகைக்காரர் ஐந்து மாதமாகத் தரவில்லை. கரண்டை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். நோட்டீஸ் கொடுங்கள், அப்புறம் கோர்ட். நோட்டீஸ் காலம் முடிந்தும் அவர் காலி செய்யாவிட்டால் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் போட்டீர்களா? போடாத தாளைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது.

தாத்தா பெயரில் கிராண்ட், உயில் இல்லை, பாட்டியும் முன்பே போய்விட்டார். பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கில்லை என்று மாமாக்கள் சொல்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்குச் சம பங்கு உண்டு. 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் மகன் மகள் என்று பிரிப்பதில்லை. மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் பாரம் ஏ என்ற விண்ணப்பம் கொடுத்தால் போதும், ஹைகோர்ட் போக வேண்டியதில்லை. "சும்மா ஒரு கையெழுத்து" என்று மாமா நீட்டும் தாளில் அம்மா கையெழுத்து வைக்கவே கூடாது. பங்கை விட்டுக்கொடுக்கும் சம்மதமாக அது இருக்கலாம்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் 40 வருஷம் இருக்கிறோம். நிர்வாகம் காலி செய்யச் சொல்கிறது. 12 வருஷம் இருந்தால் சொந்தம் என்று தமிழ்நாட்டு வக்கீல் வீடியோவில் சொல்கிறாரே?

இல்லை ஐயா. அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர். எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அவருடைய உரிமை போகாது, தேசிய நிலச் சட்டம் 341ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அண்ணே, நம் லிமிட்டேஷன் (வழக்குப் போடும் காலவரம்பு) சட்டத்திலும் 12 வருஷம் இருக்கிறதே. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

தம்பி, இருக்கிறது. நில உரிமையாளர் மீது அது பாயாது என்று அதே 341 சொல்கிறது. அரசாங்க நிலத்துக்கும் இதே கதிதான், 48ஆம் பிரிவைப் பாருங்கள்.

தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல் காலத்திலிருந்து இருக்கிறோம், அப்பா டி.ஓ.எல். (அரசாங்க நிலத்தில் தற்காலிகமாக இருக்கும் லைசென்ஸ்) பணமும் கட்டினார். அதற்கு மதிப்பே இல்லையா?

டி.ஓ.எல். ஒவ்வொரு டிசம்பர் 31லும் முடிந்துவிடும், அப்பாவோடு போய்விடும், பிள்ளைக்கு மாற்ற முடியாது. இந்த 12 வருஷப் பேச்சை நம்பி, சம்மன் வந்தபோது கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டு, எதிர்த்தரப்பு கேட்ட ஆர்டர் அப்படியே தங்களுக்கு எதிராக வந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கத்துகிறேன். லயத்து ஐயா, மாற்று வீடு தருவதாக நிர்வாகம் எழுதிக் கொடுத்த கடிதம், கூட்டக் குறிப்பு எது இருந்தாலும் தேடி எடுங்கள். உங்கள் பலம் அதில்தான். சம்மன் வந்தால் அன்றே வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் ஜபாத்தான் பந்துவான் குவாமான், அதாவது அரசாங்கச் சட்ட உதவித் துறைக்குப் போங்கள்.

தாமான் (டெவலப்பர் கட்டிய குடியிருப்பு) வீட்டுச் சுவரில் வெடிப்பு, சாவி வாங்கி ஒரு வருஷம்.

24 மாத உத்தரவாதம் இருக்கிறது. டெவலப்பருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கடைக்குப் பூட்டு போட்டால்...

மேலே தையல் கடைப் பதிலைப் படியுங்கள்.

விவாகரத்துக்கு எவ்வளவு ஆகும்?

என் வேலை இல்லை.

மனை வாங்க முன்பணம் கொடுத்தேன். விற்பவரின் தம்பி வாங்கிக்கொண்டார், இப்போது போனை எடுப்பதில்லை.

தம்பி பெயர் கிராண்டில் உண்டா? சர்ச் எடுக்காமல் பணம் கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்கே எடுங்கள். உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் உடனே கேவியட் (நிலத்தை வேறு பெயருக்கு மாற்றவிடாத தடைப் பதிவு) போடுங்கள், ஆறு வருஷம் நிற்கும். தம்பி மட்டும்தான் கையெழுத்திட்டார் என்றால் நிலத்தை விடுங்கள், அவர் மேல் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டுப் பணத்துக்கு வழக்குப் போடுங்கள்.