குடலுக்குள்ளேயே மைக்ராஸ்கோப்பா?

கேள்வி: என் மாமனாருக்குக் கொலோனோஸ்கோப்பியில் 4 மி.மீ. பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சதை) இருந்தது. எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை ஆறு நாள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. உள்ளே போகும் கேமராவே மைக்ராஸ்கோப்பாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாமே டாக்டர்?
– வாசகி, கரூர்

பதில்: அப்படியொரு கருவி இருக்கிறதம்மா. பெயர் எண்டோசைட்டோஸ்கோப். ஜப்பானின் யோகோஹாமாவில் டாக்டர் குடோவின் குழு இதில் முன்னோடி. பாலிப்பின் மேல் மெத்திலீன் புளூ சாயம் விட்டு, கருவியின் முனையை மெல்லத் தொட வைத்தால் சுமார் 520 மடங்கு பெரிதாகத் தெரியும். முதலில் சளியைக் கழுவ வேண்டும்; மறந்தால் திரையில் நீலச் சகதிதான், நானே அசடு வழிந்திருக்கிறேன்! குடல் சுரப்பிகளின் வாயாகத் தெரியும் உருண்டைக் குழிகளைச் சுற்றிச் செல்கருக்கள் மெலிந்து வரிசையாக நின்றால் நிம்மதி. குழி கீறலாக ஒடுங்கியிருந்தால் அடினோமா, அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டி. கருக்கள் உப்பிக் கலைந்து கிடந்தால் புற்றுநோய்ச் சந்தேகம். இதைப் படித்துச் சொல்லும் ‘எண்டோபிரெய்ன்’ மென்பொருளுக்கு 2018இல் ஜப்பான் அனுமதி தந்தது.

ஆனால் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. அடினோமா என்றால் எப்படியும் எடுத்தாக வேண்டும். கடைசி வார்த்தை பயாப்சியுடையதே. மாமனாரின் ரிப்போர்ட்டில் அடினோமா என்றிருந்தால், அடுத்த கொலோனோஸ்கோப்பி எப்போது என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.